வீக்கத்துக்கு ஐந்து சொற்கள்

ஹால்பெக், லிங்கன்ஷயர்
1884 அக்டோபர் 6, திங்கள்

அன்புள்ள தம்பி லெமுவலுக்கு,

முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் இருமல் விட்டதா? லண்டன் புகையில் அது எங்கே விடப்போகிறது. வெங்காயச் சாறு குடி என்று எழுதினால் நீ குடிக்கவா போகிறாய், இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

போன மாதம் நீ அனுப்பிய பட்டியலைப் படித்தேன். வீங்குகிறது என்று சொல்ல நம் பாஷையில் இத்தனை சொல்லா? எக்ஸ்டூபரேட், இன்டுமெசன்ஸ், இன்னும் வாயில் நுழையாதது எத்தனையோ. எல்லாம் செத்துப்போன சொற்கள், இருநூறு வருடமாக ஒருவரும் பேசுவதில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். பேசாத சொல்லைப் பொறுக்கி அடுக்க ஓர் அலுவலகம், அதில் என் தம்பி ஒரு குமாஸ்தா. இங்கே யாருக்காவது கால் வீங்கினால் "வீங்கிப்போச்சு, வந்து பாரு" என்கிறார்கள். நானும் போய்ப் பார்க்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மேட்டுப் பண்ணை ஜோனாஸ் பிளாண்டி செத்துப்போனார். ஆறு வாரமாக நீர்வீக்கம். வயிறும் காலும் உப்பி, படுக்க முடியாமல் நாற்காலியிலேயே தூங்கினார். மகன் ஏமோஸ்தான் என்னைக் கூப்பிட்டான். அப்பாவின் ஃபாக்ஸ்குளோவ் இலைக் கஷாயத்தைக் கொடுத்தேன். அப்பா எப்படிக் கொடுப்பாரோ அப்படியே, ஒரு நாளைக்கு நாலு வேளை. மூன்றே நாளில் நீர் இறங்கிக் கால் மெலிந்தது. ஐந்தாம் நாள் வாந்தி, கஷாயத்தை நிறுத்தினேன். சன்னல், சுவர், என் முகம் எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். ஆறாம் நாள் காலையில் போய்விட்டார்.

நான்தான் கொன்றேன் என்கிறான் ஏமோஸ். வியாழக்கிழமை மதுக்கடை மாடியில் சாவு விசாரணை. எனக்குப் பயமில்லை, ஆனால் ஒன்று வேண்டும். அப்பாவின் தடித்த புத்தகம், வீக்கங்களைப் பற்றி அந்தக் காலத்து வைத்தியர் எவரோ எழுதியது, இரண்டு வருடம் முன் நீ அகராதி வேலைக்கு வேண்டும் என்று வாங்கிப் போனாயே, அதை உடனே அனுப்பு. நீர்வீக்கம் பற்றிய பக்கத்தின் ஓரத்தில் அப்பா தம் கையாலேயே கஷாயத்தின் அளவை எழுதியிருக்கிறார். பதினைந்து வயதில் அவருக்கு இலை பொடித்துக் கொடுத்தபோது படித்தது. அன்றிலிருந்து மனப்பாடம் என்பதால் மறுபடி திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. அப்பா பட்டம் பெற்ற சர்ஜன். அவர் எழுதியதைக் காட்டினால் விசாரிக்க வரும் கொரோனர் வாயை மூடிக்கொள்வார்.

மறக்காமல் கம்பளித் துணியில் சுற்றி அனுப்பு.

உன் அக்கா
டார்கஸ் ஸ்கெல்டிங்

*

லண்டன்
1884 அக்டோபர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுக்கிறாயா? என் இருமல் பரவாயில்லை.

பிளாண்டி விஷயம் கேட்டு வருத்தப்பட்டேன். நீ ஒன்றும் கவலைப்படாதே. வயதானவர், நோய் முற்றியவர், எந்த ஜூரியும் அதைப் புரிந்துகொள்ளும்.

புத்தகம் இப்போது அலுவலக உபயோகத்தில் இருக்கிறது. வியாழனுக்குள் வந்து சேருமா என்பது சந்தேகம். விசாரணையில் நீயே வாயால் சொன்னால் போதாதா? உன் பேச்சை நம்பாதவர் ஊரில் யார்?

அந்தப் பட்டியலை நீ கேலி செய்திருக்கிறாய். லத்தீனில் வீங்குவதற்கு ஒரு வேர் இல்லை அக்கா, மூன்று. ஒன்று நோயிலும் கோபத்திலும் கர்வத்திலும் வீங்குவது. ஒன்று மொட்டு விம்முவது போல உள்ளே நிறைந்து விறைப்பது. மூன்றாவது கிழங்கு போல வெளியே புடைப்பது. மூன்றிலிருந்தும் நம் பழைய வைத்தியர்கள் சொற்களை உருட்டி உருட்டிச் செய்தார்கள். பாதிக்கு மேல் நிற்கவில்லை. செத்த சொல்லுக்கு முன்னால் நாங்கள் ஒரு சிறிய சிலுவை அச்சடிப்போம். ஆனால் சிலுவை போடவும் ஆதாரம் வேண்டும். யாரோ ஒருவர் எங்கோ ஒரு வரியில் அதை எழுதியிருந்ததைக் காட்ட வேண்டும். அதற்குத்தான் அந்த மாதிரிப் புத்தகங்கள் தேவைப்படுகின்றன.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி
லெமுவல்

*

ஹால்பெக்
1884 அக்டோபர் 11, சனி

தம்பி,

சுகமா என்று கேட்க இன்று எனக்கு மனமில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மதுக்கடை மாடியில் பன்னிரண்டு பேர் ஜூரி. அதில் எட்டுப் பேர் பிளாண்டி நிலத்தில் உழைப்பவர்கள். கொரோனர் நல்லவர்தான், குரலைக்கூட உயர்த்தவில்லை.

"உங்கப்பா எழுதி வெச்ச அளவுன்னு சொல்றீங்களேம்மா, அந்தப் புத்தகம் எங்க?"

"லண்டன்ல என் தம்பிகிட்ட இருக்குங்க."

ஏமோஸ் பின்னாலிருந்து, "லண்டன்லயாம். நிலாவுல இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் பிரசவம் பார்த்த பிள்ளைகள் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பட்டணத்து டாக்டர் வந்து, இந்த இலையைத் தெரியாதவர் கொடுத்தால் இதயம் நின்றுபோகும் என்றார். எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டார். அப்பா என்றேன். "செத்தவரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாதே," என்றார். கவனமின்மையால் கொலை என்று ஜூரி எழுதிக் கொடுத்துவிட்டது. திங்கட்கிழமை கான்ஸ்டபிள் என்னை லிங்கன் சிறைக்கு அழைத்துப் போகிறார். ஜாமீன் நிற்க ஓர் ஆள் வரவில்லை. பிப்ரவரியில் பெரிய கோர்ட்டில் வழக்கு.

வக்கீல் டிம்ஸ் ஒன்று சொன்னார், கேட்டுக்கொள். குற்றம் சாட்டப்பட்டவள் தன் வழக்கில் சாட்சி சொல்லச் சட்டத்தில் இடமில்லையாம். கூண்டில் நிற்கலாம், சத்தியம் செய்து பேச முடியாது. ஆகவே அந்தப் புத்தகம்தான் என் வாய். அது வராவிட்டால் கடும் உழைப்போடு ஏழெட்டு வருடம் போடுவார்களாம். எனக்கு நாற்பத்து நாலு வயதாகிறது லெமுவல். இந்த முழங்காலோடு அத்தனை வருடம் நான் தாங்கமாட்டேன்.

அலுவலக உபயோகமாம். என்ன உபயோகம்? பிடுங்கிக்கொண்டு வா.

அக்கா

பி.கு. இனிச் சிறைக்கு எழுது. கடிதத்தை அவர்கள் படித்த பிறகுதான் எனக்குத் தருவார்கள் என்று டிம்ஸ் சொல்கிறார், பார்த்து எழுது.

*

லிங்கன் சிறை
1884 நவம்பர் 5

தம்பி,

உயிரோடு இருக்கிறேன். நீ இருக்கிறாயா? மூன்று வாரத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. டிம்ஸ் உனக்கு இரண்டு முறை எழுதினாராம், அவருக்கும் பதில் இல்லை.

டார்கஸ்

*

லண்டன்
1884 நவம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை ஆறு முறை எழுதிக் கிழித்தேன். இப்போது கிழிக்காமல் அனுப்பப் போகிறேன்.

புத்தகம் இல்லை அக்கா. நான் வெட்டிவிட்டேன்.

எங்கள் வேலை என்ன என்று உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் அது வருகிற வரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைக்க வேண்டும். பழைய நூலைப் பார்த்துக் கையால் எழுதினால் பிழை வரும், நேரமும் போகும். அதனால் தேய்ந்துபோன பழைய நூல்களை அலுவலகத்திலேயே கத்தரிக்கோலால் வெட்டி, வரிவரியாகச் சீட்டில் ஒட்டிவிடுவது எங்கள் வழக்கம். அந்த வருடம் எனக்கு அறுநூறு சீட்டு பாக்கி இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பாவின் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். நீர்வீக்கம் பற்றிய அந்தப் பக்கத்தில் மட்டும் ஐந்து அரிய சொற்கள் இருந்தன. பக்கத்தைக் குறுக்காக ஐந்து துண்டாக வெட்டி ஒட்டினேன். மீதிப் பக்கங்களுக்கும் அதே கதிதான். ஒட்டாமல் நின்ற தாள்கள் அடுப்புக்குப் போயின.

ஓரத்தில் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்தேன். பார்த்தேன், படிக்கவில்லை. அச்சு எழுத்தைத்தான் என் கண் தேடிக்கொண்டிருந்தது. அவர் எழுத்தை நடுவில் அறுத்துக்கொண்டே போனேன். இப்போது நினைத்தால் கை கூசுகிறது.

ஒட்டிய சீட்டுகள் எங்கள் மாடியில் தங்காது. நாடெங்கும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருவர் வீட்டிலிருந்து அடுக்கித் தருகிறார், அவரவருக்குத் தபாலில் போய்விடும். எக்ஸ்டூபரேட் கென்ட்டில் ஒரு பாதிரியாரிடம். இன்டுமெசன்ஸ் பிரிஸ்டலில் ஓய்வுபெற்ற வாத்தியாரிடம். ப்ரொட்யூபரேட் டெவனில் ஒரு கர்னலிடம். வீக்கம் வடிவதைச் சொல்லும் டிட்யூமெசன்ஸ் இங்கேயே எங்கள் அலமாரியில். டர்ஜன்ட் என்பது யார்க்ஷயரில் மிஸ் கார்ன் என்ற அம்மாளிடம். அப்பா எழுதிய அளவு இந்த ஐந்து இடங்களில் ஆளுக்கொரு வரியாகக் கிடக்கிறது.

எல்லாவற்றையும் திரும்ப வாங்கிச் சேர்த்து ஒட்டுவேன். என்னை மன்னிக்காதே, ஆனால் நம்பு.

லெமுவல்

*

லிங்கன் சிறை
1884 டிசம்பர் 1

லெமுவலுக்கு,

உன் கடிதத்தை வார்டர் மிஸஸ் ஹோப் படித்துவிட்டுக் கொடுத்தாள். கொடுக்கும்போதே, "கத்தரிக்கோல் புடிச்ச அதே கையால கடுதாசி வேற எழுதுறானா உன் தம்பி? நல்ல குடும்பம்தான்," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதேன்.

அப்பாவையே ஐந்து துண்டாக்கி ஐந்து ஊருக்கு அனுப்பியிருக்கிறாய். தெரியாமல் செய்தாய் என்றால்கூட மனம் ஆறும். பார்த்துக்கொண்டே வெட்டினேன் என்கிறாய். உனக்கு எழுத்து தெரியும், எழுதின ஆள் தெரியமாட்டார். அகராதிக்காரனுக்கு என்னைத் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. டார்கஸ் என்ற சொல் எந்தப் புத்தகத்தில் வருகிறது என்று தேடிப் பார், ஒருவேளை அப்போது நான் இருப்பது உனக்கு நம்பிக்கையாகும்.

இங்கே என் காலும் வீங்க ஆரம்பித்திருக்கிறது. கல்தரை, குளிர், உட்கார்ந்தே இருப்பது. உன் மூன்று வேரில் இது எந்த வேர் என்று தெரியவில்லை. காலை எழுந்தால் விரல் வைத்து அழுத்திப் பார்க்கிறேன், குழி விழுந்து மெதுவாக நிரம்புகிறது.

திட்டுவதற்கு இன்னும் நிறைய இருக்கிறது, காகிதம் இல்லை. வெளியே வந்து நேரில் திட்டுகிறேன். அதற்காகவாவது என்னை வெளியே எடு.

டார்கஸ்

*

லண்டன்
1884 டிசம்பர் 29

அன்புள்ள அக்காவுக்கு,

கால் வீக்கம் எப்படி இருக்கிறது? இரவில் காலை உயர்த்தி வைத்துக்கொள். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியே அனுப்பியிருக்கிறேன், தருவார்களா என்று தெரியவில்லை.

நாலு துண்டு கைக்கு வந்துவிட்டது. எப்படி என்று சொல்கிறேன். எங்கள் அகராதி ஆசிரியரிடம் முதலில் போய் நின்றேன்.

"ஸ்கெல்டிங், சீட்டு ஒருதடவை அடுக்குல சேர்ந்தா வெளிய போகாது. இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா எங்கக்கா ஜெயில்ல இருக்காங்க."

"அதுக்கு நான் வருத்தப்படறேன். ஒருத்தருக்குன்னு ஒரு சீட்டை உருவினா நாளைக்கு ஆளாளுக்கு உருவுவாங்க. அகராதிக்கு அக்கா தங்கச்சி கிடையாதுப்பா."

அவர் சாப்பிடப் போனபோது அலமாரியிலிருந்த துண்டை நானே எடுத்துக்கொண்டேன். இருபது வருடத்தில் நான் செய்த முதல் திருட்டு. மற்றவர்களுக்கு அலுவலகத்துக்குத் தெரியாமல் எழுதினேன். பாதிரியாரும் வாத்தியாரும் மறுதபாலில் அனுப்பிவிட்டார்கள். கர்னலிடம் நேரிலேயே போனேன். சீட்டுகளைச் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பி வைத்துக்கொண்டு, வேலைக்காரி வேகமாக நடந்தால்கூடத் திட்டிக்கொண்டிருந்தார். உன் கதையைச் சொன்னேன். தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, "போய்க் காப்பாத்து," என்றார்.

நாலையும் சேர்த்து வைத்துப் பார்த்தேன். நீர்வீக்கத்துக்கு ஃபாக்ஸ்குளோவ் இலை, பூக்கும் முன் பறித்தது. நிழலில் காயவைத்துப் பொடித்தது. கொதிநீரில் ஊறவைத்து வடித்து, ஒவ்வொரு வேளைக்கும் பெரிய கரண்டியால் ஒன்று. கடைசித் துண்டில், வாந்தி வந்தால் நிறுத்து. எல்லாம் நீ சொன்னபடியே இருக்கிறது. எத்தனை வேளை என்ற வரிதான் இல்லை. அது மிஸ் கார்னிடம் இருக்கிறது. மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. இதோ நாலாவது எழுதுகிறேன்.

அந்த வரி வந்துவிட்டால் நீ வீட்டுக்கு வந்துவிடலாம் அக்கா.

லெமுவல்

*

யார்க்ஷயர்
1885 ஜனவரி 20

மதிப்புக்குரிய திரு. ஸ்கெல்டிங் அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் என் தந்தை காலமானார். நாங்கள் பாதிரி இல்லத்தைக் காலி செய்ய வேண்டியிருந்ததால் என் சீட்டுப் பெட்டிகள் எல்லாம் இரண்டு வண்டியில் மாறிப்போயிருந்தன.

தாங்கள் கேட்ட துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அச்சிட்ட வரியை வேறொரு சீட்டில் கையால் எழுதி அடுக்கில் வைத்துவிட்டேன், ஆகவே அகராதிக்கு இழப்பில்லை.

ஓரத்தில் இருப்பதைப் படிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. தங்கள் தந்தை முதலில் "நாளைக்கு நாலு வேளை" என்று எழுதியிருக்கிறார். பிறகு வேறு மையில் நாலு என்பதை இரண்டு கோடு போட்டு அடித்து, மேலே "இரண்டு" என்று திருத்தியிருக்கிறார். பக்கத்தில் மிகச் சிறிய எழுத்தில் "நாலு மிகை, 1868" என்று இருக்கிறது. அந்த வருடம் அவர் யாரை இழந்தார் என்று எனக்குத் தெரியாது. திருத்தியதை அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

தங்கள் சகோதரியின் வழக்கைப் பற்றிப் பத்திரிகையில் படித்தேன். எத்தனை வேளை கொடுத்தார் என்பதும் அதில் இருந்தது. இந்தத் துண்டு அவரைக் காப்பாற்றாது, அது தங்களுக்கே புரியும்.

நான் பாதிரியார் மகள், பொய் சொல்லமாட்டேன். ஆனால் என்னிடம் யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல நான் கடமைப்பட்டவளும் அல்ல. என்ன செய்வது என்பதைத் தாங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். தங்கள் இடத்தில் நான் இல்லாததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள
லெட்டிஷியா கார்ன்

*

லண்டன்
1885 பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? காலுறை கிடைத்ததா? எனக்கு இருமல் திரும்பிவிட்டது, அது ஒன்றும் பெரிதில்லை.

ஐந்தாவது துண்டு கிடைக்கவில்லை. அந்த அம்மாள் வீடு மாறினாராம், மாற்றத்தில் தொலைந்திருக்கலாம். டிம்ஸுக்கு எழுதிவிட்டேன். நாலு துண்டே போதும் என்கிறார். அப்பாவின் எழுத்து இருப்பதே பெரிய விஷயம், ஒரு துண்டு காணவில்லை என்றால் சந்தேகத்தின் பலன் உனக்குத்தான் என்று எழுதியிருக்கிறார்.

பதினோராம் தேதி கோர்ட்டில் நான் சாட்சி சொல்வேன். வெட்டியது நான்தான் என்று எல்லோர் முன்னாலும் சொல்வேன். நீ தைரியமாக இரு. வேறு எதையும் யோசிக்காதே.

லெமுவல்

*

ஹால்பெக்
1885 மார்ச் 26, வியாழன்

அன்புள்ள தம்பிக்கு,

நான் வீட்டில் சுகமாக இருக்கிறேன். காலில் வீக்கம் முக்கால்வாசி வடிந்துவிட்டது. உன் இருமலைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று கடிதம் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. விடுதலை ஆன அன்றும் கோர்ட் வாசலில் என் கையைப் பிடித்தாய், ஒரு வாய் சாப்பிடாமல் ரயிலுக்குப் போய்விட்டாய். நான் திட்டுவேன் என்று பயந்தா? திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் உன் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

எதிர்த்தரப்பு வக்கீல் உன்னைக் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"அஞ்சாவது துண்டு எங்க இருக்கு மிஸ்டர் ஸ்கெல்டிங்?"

"கிடைக்கலைங்க."

"நல்லாத் தேடினீங்களா?"

"தேடினேன்."

நீ அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. நாற்பது வருடமாக உன்னைத் தெரியும் எனக்கு. ஜூரி பத்து நிமிடத்தில் திரும்பி வந்து குற்றமில்லை என்றது. எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள். எனக்குச் சந்தோஷமே வரவில்லை. நீ மறைத்தது எனக்காக என்று தெரிகிறது. அதை உன்னிடம் கேட்காமலே செத்துப்போகலாம் என்றுதான் இருந்தேன். நேற்றுவரை அப்படித்தான் இருந்தேன்.

நேற்று மார்த்தா கிரிம் வீட்டுக்குப் போனேன், துணி வெளுக்கிறாளே, அவள். இரண்டு மாதமாக அவளுக்கு நீர்வீக்கம். நான் வந்ததிலிருந்து கஷாயம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இனி அந்த இலையைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நேற்றுப் போனால் அடுப்பில் கெட்டில். உள்ளே அந்த இலை.

"யார் போட்டது மார்த்தா?"

"நானேதான். நீ தரமாட்டேன்னா நான் சும்மா இருப்பேனா? ஞாயித்துக்கிழமையிலேருந்து குடிக்கிறேன். நாலு வேளை."

"நாலுன்னு யார் சொன்னது?"

"அதென்ன கேள்வி. கோர்ட்டே சொல்லிடுச்சே. நாலு வேளை தப்பா இருந்தா உன்னை விட்டிருப்பாங்களா? ஏமோஸ் பொண்டாட்டிகூட அவங்க மாமியாருக்குப் போட்டுக் குடுக்கிறா, தெரியுமா?"

லெமுவல், எனக்கு விடுதலை கிடைத்ததால் ஊர் முழுக்க அந்த அளவு சரி என்று ஆகிவிட்டது. பிளாண்டியைக் கொன்றவள் என்று சொன்னவர்களே இப்போது அதைக் கெட்டிலில் போடுகிறார்கள். நிறுத்து என்று மார்த்தாவிடம் கெஞ்சினேன். கால் மெலிந்திருப்பதைத் தூக்கிக் காட்டுகிறாள். "உனக்குப் பயம் புடிச்சுப்போச்சு, ஜெயில் பயம்," என்று என்னையே தேற்றுகிறாள். ஏன் நிறுத்த வேண்டும் என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? நானே சத்தியமாக நாலு என்றுதானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அவளுக்கு முதல் வாந்தி. அப்பாவே எழுதியிருக்கிறார், வாந்தி வந்தால் நிறுத்து என்று. சொன்னேன். ராத்திரி சாப்பிட்ட விலாங்கு மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாள்.

அப்பா போன பிறகு பதினோரு வருடத்தில் நான் ஆறு பேருக்கு அந்தக் கஷாயம் கொடுத்தேன், பிளாண்டியைச் சேர்க்காமல். நாலு பேர் எழுந்து நடந்தார்கள். இரண்டு பேர் போய்விட்டார்கள், கிழவர்கள், நோய்தான் என்று நினைத்தேன். இப்போது அந்த இரண்டு பேரையும் தவிர வேறு எதையும் நினைக்க முடியவில்லை. அதற்கு நான் என்ன செய்ய வேண்டுமோ அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். உன்னைக் காட்டிக்கொடுக்கவும் மாட்டேன். துண்டில் என்ன இருந்தது என்று மட்டும் சொல். அப்பா எழுதியது எத்தனை வேளை? அதை அப்பா பேரில் சொன்னால் மார்த்தா கேட்பாள். நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

வெள்ளம் ரோட்டை மூடிவிட்டது, தபால் படகு செவ்வாயும் வெள்ளியும்தான். நாளை இது போகும், சனிக்கிழமை உன் கைக்கு வரும். நீ உடனே எழுதினால் செவ்வாய்க்கிழமை எனக்குக் கிடைக்கும். தந்தி மட்டும் அடித்துவிடாதே. தபால் ஆபீசில் இப்போது ஏமோஸின் கொழுந்தியாள் ரோடா உட்கார்ந்திருக்கிறாள். வருகிற தந்தியை எல்லாம் கடையில் நிற்பவர்களுக்குச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தனுப்புகிறாள். கோர்ட்டில் பொய்ச் சத்தியம் செய்தவனுக்கு என்ன தண்டனை என்று டிம்ஸிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். சொன்னார். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

ஆகவே கடிதமாகவே எழுது. செவ்வாய்வரை மார்த்தா தாங்குவாளா என்று எனக்குத் தெரியவில்லை. தாங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா
டார்கஸ்

*

தந்தி
லண்டன், 1885 மார்ச் 28, சனி, காலை 9.40

ஸ்கெல்டிங், ஹால்பெக்

கஷாயம் உடனே நிறுத்து. நாலு தப்பு. அப்பா நாலை அடித்து இரண்டு என்று திருத்தியிருக்கிறார். துண்டு ஜனவரி முதல் என்னிடம் இருக்கிறது. கோர்ட்டில் நான் சொன்னது பொய். ரோடா இதைச் சத்தமாகப் படிக்கவும்.

லெமுவல் ஸ்கெல்டிங்